யானை படுத்த தலையணை

அப்பாவுக்குக் காலைக் காப்பியோடு மேட்டூர் நிலவரம் வேண்டும். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு, ஜூன் 12இல் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதைவிடப் பெரிய செய்தி எதுவும் பேப்பரில் வருவதில்லை. ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது என்ன வேலை என்று கேட்டார். "மலைல விழற பனில எவ்ளோ தண்ணி இருக்குன்னு கணக்கு பாக்கற வேலைப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப அந்த ஊரு மேட்டூர் நிலவரத்த நீதான் போடுறியா பாப்பா?" என்றார்.

முழுசாக இல்லை, ஆனால் ரொம்பத் தப்பும் இல்லை.

குளிர்காலத்தில் எனக்குக் காலை ஆறு மணி என்றால் அவருக்கு மாலை ஆறரை. நான் திரையைத் திறக்கும் நேரமும் அவர் கூப்பிடும் நேரமும் ஒன்று. முதல் வருடம் தினமும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு பனி எத்தனை அடி?" நானும் ஆறடி, ஏழடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், "அடி சொல்றது சரிதான், அதுல தண்ணி எவ்ளோ காணும்?" என்று கேட்டார். இந்தத் துறைக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. அவருக்கு அது பழகிய கணக்கு. நெல் எத்தனை மூட்டை என்பது ஒன்று, அரைத்தால் எவ்வளவு அரிசி காணும் என்பது வேறொன்று.

புதிதாக விழுந்த பனி பத்து அங்குலம் இருந்தால், உருக்கினால் ஒரு அங்குலத் தண்ணீர் தேறும். இந்த ஊர் மலைகளில் நல்ல குளிரில் பொடிப்பொடியாய் விழும் பனியில் அதுகூடத் தேறாது. அதே பனி மாதக்கணக்கில் கிடந்து, தன் எடையிலேயே அமுங்கி, வெயிலில் கொஞ்சம் உருகி மறுபடி இறுகி ஏப்ரலுக்கு வரும்போது பத்து அங்குலத்தில் மூன்றரை, நான்கு அங்குலத் தண்ணீர் இருக்கும். ஆக, ஆழத்தை மட்டும் அளந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப புதுப் பனி பதரு, நின்ன பனி மணி" என்று முடித்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் இந்த நீர் அளவுக்கு மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு. அதைச் சேர்த்து 'ஸ்வீ' என்போம். இரண்டு வருடம் ஸ்வீ, ஸ்வீ என்று சொல்லி, ஊருக்குப் போனபோதும் வாய் தவறி வந்து அம்மா முழித்தார்.

மேற்கு அமெரிக்க மலைகளில் இந்த ஸ்வீயைத் தானாக அளக்கும் நிலையங்கள் 900க்கும் மேல் இருக்கின்றன. ஸ்னோடெல் என்று பெயர். விவசாயத் துறையின் கீழ் வருவது, 1970களில் தொடங்கியது. ஆள் இல்லாத இடத்தில், மரங்களுக்கு நடுவே சின்ன வெளியில், ஒரு கம்பம், ஒரு கூண்டு, ராக்கெட் மாதிரி உயரமாக ஒரு மழைமானி. தரையில் ஒரு தலையணை. நிஜமாகவே தலையணைதான், ஆங்கிலத்திலும் அதே பெயர். சுமார் பத்தடி அகலத்துக்குத் தரையோடு தரையாகக் கிடக்கும் தட்டையான பை. உள்ளே கார் ரேடியேட்டரில் ஊற்றுவது போன்ற, குளிரில் உறையாத திரவம். பனி மேலே விழ விழ, அந்த எடையில் உள்ளிருக்கும் திரவத்தின் அழுத்தம் ஏறும். ஒரு குழாய் அதைக் கூண்டுக்குக் கொண்டுபோகும், அங்கே ஒரு சென்சார் அழுத்தத்தைத் தண்ணீரின் அங்குலமாக மாற்றிச் சொல்லும். இப்போது திரவம் இல்லாமல் நேரடியாக எடை போடும் தட்டுகளும் வந்துவிட்டன. ஆனாலும் தலையணை என்ற பேர் போகவில்லை.

ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடி வட்டத்தில் 30 அங்குலத் தண்ணீருக்குச் சமமான பனி நின்றால் அதன் எடை ஐந்தரை டன். நல்ல கொம்பன் யானை ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டு, நவம்பரிலிருந்து மே வரை எழுந்திருக்காமல் இருப்பது மாதிரி. அந்த யானை ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ கூடியது, எத்தனை கிலோ குறைந்தது என்று பார்ப்பதுதான் என் சாப்பாட்டுக்கு வழி.

மழைமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனி உறையாமல் கரைய வேண்டும் என்பதற்காக அதற்குள்ளும் உறையாத திரவம் ஊற்றி வைத்திருப்போம், அது ஆவியாகாமல் இருக்க மேலே மெல்லிசாக ஓர் எண்ணெய்ப் படலம். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மிதக்க விடுவது நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. கோடையில் நிலையத்துக்குப் போய் வந்தால் ஜாக்கெட்டில் அந்த வாசனை ஒரு வாரம் போகாது.

நான் வந்து சேர்வதற்குள் முடிந்துபோன ஒரு விஷயத்தை நினைத்து எனக்கு இன்றும் பொறாமை. 70களில் இந்த நிலையங்களைக் கட்டியபோது, மலை இடுக்கிலிருந்து தகவலை எப்படி நகரத்துக்கு அனுப்புவது என்பது பெரிய கேள்வி. நேர்க்கோட்டில் போகும் ரேடியோ அலையை மலை மறைக்கும். செயற்கைக்கோள் அன்றைக்கு விலை கட்டாது. அவர்கள் பிடித்த வழி எரிநட்சத்திரம். கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு விண்கற்கள் இரவு பகல் பாராமல் கோடிக்கணக்கில் வளிமண்டலத்தில் எரிகின்றன. எரியும்போது 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற ஒரு கோடு விடுகின்றன. அந்தக் கோட்டில் ரேடியோ அலை பட்டால் கண்ணாடியில் பட்ட மாதிரி திரும்பிக் கீழே வரும். கோடு நிற்பது ஒரு நொடிக்கும் குறைவு, சில சமயம் கொஞ்சம் கூட. அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

பாய்சியில் ஒரு தாய் நிலையம், யூட்டாவில் ஆக்டன் நகரத்தில் இன்னொன்று. அவை ஓயாமல் வானத்தைப் பார்த்து "யாராவது இருக்கிறீர்களா" என்று கூவிக்கொண்டே இருக்கும். சரியான இடத்தில் ஒரு தூசி எரியும்போது அந்தக் குரல் எங்கோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு மலைக்காட்டுக் கூண்டுக்குக் கேட்கும். கூண்டு உடனே தன் எண்களைச் சொல்லிவிடும். அடுத்த தூசி எரியும்வரை மௌனம். இப்படித்தான் பல பத்தாண்டுகளாக இந்த நாட்டின் விவசாயிகளுக்குத் தண்ணீர்க் கணக்கு வந்து சேர்ந்தது. இப்போது பெரும்பாலும் செல்பேசிக் கோபுரமும் செயற்கைக்கோளும்தான். மணிக்கு மணி தகவல் வருகிறது, நம்பகமாக வருகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எரிநட்சத்திரத்தில் பட்டு வந்த எண்ணைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் எனக்கு இல்லாமல் போனது.

மெஷின் வருவதற்கு முன்பு இதெல்லாம் கையால் செய்தது. ஆரம்பித்து வைத்தவர் ஒரு லத்தீன் வாத்தியார். ஜேம்ஸ் சர்ச், நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிகள் கற்பித்தவர். மலை ஏறுவதில் பைத்தியம். ரீனோ நகருக்கு மேலே நிற்கும் மவுண்ட் ரோஸ் சிகரத்தில் குளிர்காலத்தில் ஏறி, 1900களின் தொடக்கத்தில் பனியைக் குழாயால் குத்தி எடுத்து எடை போட்டுப் பார்த்தார். அப்போது டாஹோ ஏரித் தண்ணீருக்காகக் கரையில் வீடு கட்டியவர்களுக்கும் கீழே தண்ணீரை நம்பி இருந்தவர்களுக்கும் தகராறு. ஏரி இந்த வசந்தத்தில் எவ்வளவு ஏறும் என்பதை மேலே நிற்கும் பனியை எடை போட்டே முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று அவர் காட்டினார். தண்ணீர்த் தகராறைத் தீர்க்க ஒரு மொழி வாத்தியார் தராசு தூக்கியது எனக்குப் பிடித்த கதை. பொறியாளர்களிடம் சொன்னால் அவ்வளவாக ரசிப்பதில்லை.

அவர் வழியில் வந்த குழாய்தான் இன்றும் எங்கள் கையில். அலுமினியக் குழாய், துண்டு துண்டாக மாட்டிக்கொள்ளலாம், நுனியில் பல் வைத்த வெட்டு வாய். அந்த வாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். ஏன் இந்தக் கோணல் எண் என்று முதல் நாளே கேட்டேன். அந்த விட்டத்தில் ஒரு அங்குலத் தண்ணீரின் எடை சரியாக ஒரு அவுன்ஸ். ஆகவே குழாயைப் பனியோடு தொங்கவிட்டு, வெறும் குழாயின் எடையைக் கழித்தால், எத்தனை அவுன்ஸோ அத்தனை அங்குலத் தண்ணீர். மலை உச்சியில், விரல் மரத்துப்போன நேரத்தில், பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். இதை யோசித்தவர் கட்டாயம் குளிரில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அறுபது தாண்டிய ஒரு பெரியவர். வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை, 'சார்' என்றால் அவர் திரும்பிப் பார்த்து யாரைக் கூப்பிடுகிறாய் என்பார். 21ஆம் எண் நெடுஞ்சாலையில், ஐடஹோ சிட்டி தாண்டி, மோர்ஸ் கிரீக் சம்மிட்டுக்குக் கூட்டிப்போனார். சாலையிலிருந்து அதிக தூரம் இல்லை. பயிற்சிக்குத் தோதான இடம். பனிக்காலணி மாட்டி நடந்தும் எனக்கு மூச்சு வாங்கியது. குழாயைச் செங்குத்தாக இறக்கி, திருகி, தரை தட்டும்வரை விட வேண்டும். தட்டியது தெரிவது எப்படி? வெளியே எடுத்ததும் நுனியில் கொஞ்சம் மண்ணோ காய்ந்த ஊசியிலையோ ஒட்டியிருக்க வேண்டும். மண் வரவில்லை என்றால் நடுவில் எங்கோ நின்றுவிட்டாய், மறுபடி குத்து. மண் வந்தால் அதைக் கத்தியால் சுரண்டிவிட்டு எடை போடு, மண்ணைத் தண்ணீர் கணக்கில் சேர்க்காதே. நான் நான்கு தடவை குத்தி ஐந்தாவது தடவைதான் மண்ணைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தெர்மாஸைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், பாய்சி நதியில் மூன்று பெரிய அணைகள். ஆண்டர்சன் ராஞ்ச், 1915இல் கட்டி முடித்த ஆரோராக், நகரத்துக்கு மேலேயே லக்கி பீக். மூன்றும் சேர்ந்தாலும் மேட்டூர் கொள்ளளவில் பாதி தேறாது. நல்ல வருடத்தில் மலையில் பனியாக நிற்கும் தண்ணீர் இந்த மூன்றும் கொள்வதைவிட அதிகம். மலைதான் பெரிய அணை, அதற்கு மதகு கிடையாது. ஆகவே பிப்ரவரி, மார்ச்சிலேயே அணையில் இருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டு இடம் பண்ண வேண்டும். அதிகம் திறந்துவிட்டால் கோடையில் பள்ளத்தாக்கு விவசாயிக்குத் தண்ணீர் இல்லை. குறைவாகத் திறந்தால் மே மாதம் நகரம் நனையும். எவ்வளவு என்பதைச் சொல்ல மேலே இருக்கும் யானையின் எடை தெரிய வேண்டும்.

2017இல் பனி ஏகத்துக்குக் கொட்டியது. பாய்சி நதியில் கிளென்வுட் பாலத்தருகே விநாடிக்கு 7,000 கன அடி தாண்டினால் வெள்ளம் என்று கணக்கு. அந்த வசந்தத்தில் 9,000க்கும் மேல் போனது, வாரக்கணக்கில் நின்றது. ஆற்றங்கரை நடைபாதை முழுக்கத் தண்ணீர். எண்கள் இல்லாமல் அணைகளை நிரப்பி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் 2015 ஏப்ரல் 1. கலிபோர்னியாவில் பிலிப்ஸ் என்ற அளவிடத்தில், வழக்கமாக ஐந்தடிப் பனி இருக்க வேண்டிய நாளில், ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்லில் நின்று நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அறிவித்தார். மாநிலம் முழுக்க வழக்கத்தில் 5 சதவீதப் பனி. குழாயைக் கொண்டு வந்திருந்தார்கள், குத்துவதற்கு ஒன்றும் இல்லை.

சதவீதம் என்றதும் ஒரு புலம்பல். ஜூன் தொடங்கினால், "எங்கள் மலையில் வழக்கத்தைப் போல 400 சதவீதம் பனியாமே!" என்று நண்பர்கள் படத்தோடு அனுப்புவார்கள். அந்தத் தேதியில் வழக்கமாக நிற்பது அரை அங்குலம், இந்த வருடம் இரண்டு அங்குலம். அவ்வளவுதான். சதவீதத்தை மே மாதத்தோடு பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இனி என் கதை. நிலையத்தின் பேர் வேண்டாம்.

ஒரு பிப்ரவரியில், பனி விழ வேண்டிய உயரம்வரை மழை பெய்தது, ராத்திரியே கடுங்குளிர். அடுத்த இரண்டு நாள் பனி. காலையில் பார்க்கிறேன், மழைமானி 2 அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆழமானி, அதாவது மேலிருந்து ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தூரம் சொல்லும் சென்சார், ஒன்றரை அடி ஏறிவிட்டது. தலையணை மட்டும் 0.3. மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் தனியாக. தலையணைக்குத்தான் கோளாறு என்று குறித்து வைத்தேன். சரியான சந்தேகம்தான். ஐந்தாம் நாள், வானம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு துளி விழவில்லை, காலை பதினொன்றுக்கு அந்தத் தலையணை ஒரே மணி நேரத்தில் 1.8 அங்குலம் எகிறியது. சென்சார் செத்தே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அந்த எண்ணை அழித்துவிட்டு, பழைய மட்டத்தையே நீட்டிப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

மறுநாள் பெரியவர் என் மேசைக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பதினொரு மணிக்கு ஆழமானி என்ன சொன்னது?" நான் பார்க்கவில்லை. திறந்தோம். ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஸ்னோமொபைலில் போனோம். தலையணைக்குப் பக்கத்தில், மேலே அல்ல, குழி வெட்டினோம். முழங்காலளவுக்குக் கீழே இரண்டு விரல் தடிமனில் பனிக்கட்டி. மழையில் ஊறிய மேற்பரப்பு அந்த ராத்திரிக் குளிரில் இறுகிய தகடு. தலையணையின் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் அது விண்டு, ஒரு பக்கம் சரிந்து நின்றது. புதிதாக விழுந்த பனி அத்தனையையும் அந்தத் தகடு நான்கு பக்கமும் ஊன்றிக்கொண்டு தாங்கியிருக்கிறது. கீழே இருந்த தலையணைக்கு மேலே பனி விழுந்ததே தெரியாது. ஐந்தாம் நாள் தகடு உடைந்து, எடை மொத்தமாக இறங்கியது. அது எகிறியதல்ல, அதுவரை மறைத்ததைச் சொன்னது. அந்த வாரத்தில் தலையணை உள்ளதைச் சொன்ன ஒரே மணி நேரத்தை நான் அழித்திருந்தேன்.

தொழிலில் இதற்குப் பெயர் 'பிரிட்ஜிங்'. பாடத்தில் படித்திருந்தேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். திரையில் எதிரே நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு எண்ணால் அணை ஒன்றும் உடைந்துவிடவில்லை. ஒரு ஆற்றுப் படுகையில் பல நிலையங்கள் இருக்கும், ஒன்று சறுக்கினால் மற்றவை தாங்கும். இருந்தாலும் அந்த வரைபடத்தில் என் கைப்பட நீட்டிப் போட்ட தட்டைக் கோட்டைத் திருத்தும்போது முகம் சுட்டது. பெரியவர் திட்டவில்லை. "உனக்கு மூன்று சாட்சி இருந்தது. பெரும்பான்மை பார்த்தாய், விசாரிக்கவில்லை" என்றார். திட்டியிருக்கலாம்.

அன்று மாலை, அதாவது அப்பாவுக்கு மறுநாள் விடியலில், நானே கூப்பிட்டுச் சொன்னேன். குழியையும் தகட்டையும் எப்படி விளக்குவது என்று தடுமாறும்போதே அவர் பிடித்துக்கொண்டார். "வயல்ல தண்ணி வடிஞ்சு பொருக்கு தட்டிருக்கும்ல, மேல நடக்கலாம்னு தோணும், நாலு அடி வச்சதும் பொதக்குனு இறங்கும். அதான?" அதேதான். இப்போது அந்த மாதிரி நாட்களில் என் குறிப்பேட்டில் தமிழில் 'பொருக்கு?' என்று எழுதிக்கொள்கிறேன். பக்கத்து மேசைக்காரருக்கு அது என்னவோ ரகசியக் குறி.

"அந்த ரப்பரு பையை எலி கடிக்காதா?" என்று அடுத்த கேள்வி. எலி, அணில், கரடிகூடக் கடிக்கும், கேபிளை மென்றுவிடும், கோடையில் பாதி வேலை அதைச் சரி பார்ப்பதுதான் என்றேன். கரடி என்றதும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லப் போனார். அரை நிமிடம் அந்தப் பக்கம் சத்தம். பிறகு போன் திரும்பி வந்தது. பேப்பர் மடிக்கும் ஒலி.

"பாப்பா, மேட்டூரு இன்னிக்கு 102ன்னு போட்ருக்கான். நேத்தும் 102, அதுக்கு மொத நாளும் 102. எதுக்கும் நீ ஒரு தடவ பாத்துச் சொல்லேன்."